சாம்பலில் ஆலையின் பங்கு

சுடுகாட்டில் எலும்பு பொறுக்கும் காடாற்று அன்று ஆலைக்காரர்கள் வாங்கிப் போன லிங்கதுரையின் சாம்பல், நான்காம் நாள் காலையில் வீடு திரும்பியது. கொடுக்கும்போது கருகிக் கிடந்தது. இப்போது கோலமாவு போல வெளுத்திருந்தது.

"தங்கம், வெள்ளி எல்லாம் உலையில உருக்கிப் பிரிச்சாச்சும்மா. இனி நீங்க கடல்ல கரைச்சிரலாம்" என்று ஆலை அதிகாரி பானையை நீட்டினார்.

லிங்கதுரையின் மனைவி சண்முகக்கனி அதை வாங்கிக்கொண்டாள். செம்பு ஆலையின் கசடுத் தொட்டியில் காலமெல்லாம் நின்றவர் லிங்கதுரை. செம்பைச் சுத்தம் செய்தபின் அடியில் தங்கும் கறுப்புச் சேற்றில்தான் தங்கமும் வெள்ளியும் கிடக்கும். கொஞ்சம் உடம்பிலும் ஏறும். ஏறியது ஆலைக்குச் சொந்தம். அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் இதுதான் வழக்கம். யாரும் இதற்கென்று தனியாக அழுவதில்லை.

திடீரென்று அதிகாரியின் இடுப்பில் இருந்த, உலோகம் கண்டறியும் கருவி கீச்சிட்டது. பானையருகே கொண்டுபோனார், சத்தமில்லை. அவள் கைகளருகே கொண்டுபோனார், மறுபடி கீச்சிட்டது.

"அவரு துணியெல்லாம் நீங்கதான் துவைப்பீங்களா?"

"வேற யாரு துவைப்பா? மெஷின்ல போட்டா அந்தச் சேறு போவாது. கையாலதான் கசக்கணும்."

அதிகாரி ஆலைப் பதிவேட்டைத் திறந்தார். "அப்ப உங்க பேரையும் ஏத்தணும்மா. உங்க காலத்துக்கு அப்புறம் உங்க சாம்பலும் ஆலைக்கு வரும்."

சண்முகக்கனி பானையின் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு யோசித்தாள்.

"அவரப் போட்ட அதே உலையிலதான் என்னையும் போடுவியளா?"

"ஆமாம்மா, ஒரே உலைதான்."

"அப்பச் சரி, ஏத்திக்கிடுங்க" என்றாள்.