அப்பாவுக்கு ஒரு கார்டியன்

"நாளைக்குக் கார்டியனைக் கூட்டிட்டு வரணுமாம்" என்றார் அப்பா.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். "யாரை?"

"கார்டியனை. இல்லைன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்களாம்."

அம்மாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது.

நாற்பத்தேழு வயதில் காலேஜில் சேர்ந்தவர் அப்பா. விடியும் முன்பே பேக்கரிக்குப் போய் மாவு பிசைவார். அது முடிந்ததும் காதோரம் ஒட்டிய மாவோடு அப்படியே பி.காம். வகுப்பு. கூடப் படிக்கிற பிள்ளைகள் வைத்த பெயர் 'பன் அங்கிள்'.

"என்னப்பா பண்ணித் தொலைச்ச?" என்றாள் மகள்.

"கிளாஸைக் கட் அடிச்சேனாம்."

"அடிச்சியா, இல்ல அடிச்சியாமா?"

"அடிச்சேன்."

"இந்தப் பரீட்சை போச்சுன்னா ஒரு வருஷம் போச்சு. தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு? எங்க ஊர் சுத்தப் போன? பன் அங்கிளுக்கு சினிமா கேக்குதோ?"

அப்பா சட்டையில் இல்லாத மாவைத் தட்டிக்கொண்டார்.

"நான் வரலப்பா" என்றாள் அம்மா. "அந்த பிரின்சிபால் என்னைவிடச் சின்னவங்க. நீ போடி. உன் ஸ்கூல்ல இவர் எத்தனை வாட்டி கையைக் கட்டிட்டு நின்னிருக்கார்! இப்ப உன் முறை."

உண்மைதான். மகளுக்குப் படிப்பு ஏறவில்லை. பிளஸ் டூ தாண்டாமலே விட்டுவிட்டு ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அதில் அவளுக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஆனால் அப்பா முதல் பரீட்சையில் பாஸானபோது, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கண்ணாடியை மாட்டிவிட்டுக்கொண்டே அதைச் சொன்னவள் அவள்தான். அந்த மனுஷன் இப்போது கட் அடித்திருக்கிறார்!

மறுநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவின் ஸ்கூட்டரில் ஏறினாள். வழியெல்லாம் அர்ச்சனைதான்.

"மூணு மணிக்கே காலேஜை விட்டுடறாங்க. அந்த நேரம் வரைக்குமாவது ஒரு இடத்துல உட்கார முடியாதா உன்னால?"

"மெதுவா பேசு பாப்பா. ரோட்ல எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். இந்த ஓட்டை வண்டியைத் தினமும் கடை வாசல்ல கொண்டுவந்து நிறுத்தி என் மானத்தை வாங்குறியே, அப்ப பாக்கலையா? 'உன் டிரைவர் வந்தாச்சு'ன்னு கடையே சிரிக்குது."

அப்பா ஹாரன் அடித்தார். எதிரே யாரும் இல்லை.

பிரின்சிபால் அறையில் அப்பா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கார்டியன் நீங்கதானா?" பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஆமாம் மேடம். மகள்."

"சரி. உங்க அப்பாவைப் பத்தி..."

"நீங்க சொல்லவே வேணாம் மேடம். வீட்லயும் இதே கதைதான். சொன்னா கேட்டாத்தானே? எல்லாம் சேர்க்கை சரியில்ல." சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது, இது அவளுடைய ஸ்கூலில் அப்பா பேசிய அதே வசனம். இருந்தாலும் நிறுத்த முடியவில்லை. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க மேடம். நான் எதுவும் கேக்கமாட்டேன்."

அப்பாவின் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறார்.

"சிரிப்பு வேறயா?" என்றாள் மகள்.

பிரின்சிபாலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்துக்கொண்டார். "இங்க பாரும்மா, நல்லாப் படிக்கிற மனுஷர். வேற எந்தக் குறையும் இல்ல. ஆனா ஒரே ஒரு பீரியட், நாலு மாசமா தலையே காட்டல. வருகைப்பதிவு இல்லாம நான் எப்படிப் பரீட்சைக்கு அனுப்ப முடியும்? நியாயமான காரணம் இருந்தா நேரத்தை மாத்தியாவது கொடுக்கலாம். கேட்டா 'சொந்த வேலை'ங்கறார். அதுக்கு மேல வாயே திறக்கமாட்டேங்கறார்."

"எந்த பீரியட் மேடம்?"

"கடைசி பீரியட். மூணுல இருந்து நாலு."

"மூணு மணிக்குத்தான் காலேஜே முடிஞ்சிடுமே?"

"யார் சொன்னது? எந்தக் காலேஜ்ம்மா மூணு மணிக்கு முடியுது? நாலு மணிக்குத்தான் கடைசி மணி அடிக்கும்."

மகள் மனசுக்குள் மணிக்கணக்கைப் போட்டுப் பார்த்தாள்.

மூன்றரைக்குக் கடையில் அவளுடைய ஷிஃப்ட் முடியும். நாலைந்து மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள், கடையிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் பைக்கில் ரெண்டு தடியன்கள் பின்னாலேயே வந்தார்கள் என்று. சொன்னதோடு அவள் மறந்துவிட்டாள். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அப்பாவும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள்தான் அந்த ஓட்டை ஸ்கூட்டர் முதல்முறையாகக் கடை வாசலில் வந்து நின்றது.

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் மும்முரமாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நேரத்துல எங்கதான் போறார்? உனக்காவது தெரியுமா?" என்றார் பிரின்சிபால்.

மகள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். போய் அப்பாவுக்குப் பக்கத்தில் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தெரியும் மேடம். என்னைக் கூட்டிட்டுப் போக, எங்க கடை வாசலுக்கு."