பதினான்கு குழிகள்

"பந்தல்கால் நட்ட குழின்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே, டீச்சர்."

பங்குச்சாமியார் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதா கோயிலின் நடுவே எப்போதும் கிடக்கும் சிவப்புக் கம்பளம் நேற்றிலிருந்து இல்லை. அடுத்த ஞாயிறு மறைமாவட்ட ஆயர் வருகிறார். பிள்ளைகளின் நெற்றியில் எண்ணெய் பூசி உறுதிபூசுதல் கொடுப்பார். மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் அவர் இந்த ஊருக்கு வருவார். அதற்காகக் கம்பளத்தைத் துவைத்து வெளிமதிலில் காயப்போட்டிருந்தார்கள்.

அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

பீடத்தின் படியிலிருந்து தலைவாசல் வரை, ஒரே கோட்டில், பதினான்கு குழிகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். சிமென்ட் வைத்து அடைத்தவை.

நேற்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள்.

அவளும் ஒரு காலத்தில் கேட்டவள்தான். பந்தல்கால் என்றார்கள். கோயிலுக்குள் எதற்குப் பந்தல் என்று பன்னிரண்டு வயதில் தோன்றவில்லை. போன முறை தன்னிடம் படித்த பிள்ளைகளுக்கு அதே பதிலை அவளும் கொடுத்திருந்தாள்.

அதன் பிறகுதான் பங்கின் பழைய ஏடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை அவளிடம் வந்தது. ஒரு கூட்டத்தின் தீர்மானம். கீழே கையெழுத்துகள். மூன்றாவது கையெழுத்து அவளுடைய பூட்டனுடையது.

நேற்று அவள் பிள்ளைகளிடம் சொன்னாள். இங்கே ஓர் இரும்புவேலி இருந்தது. சாதிக்காகப் போட்டது. இந்தப் பக்கம் மேலத்தெரு, அந்தப் பக்கம் கீழத்தெரு. நற்கருணை அப்பம் முதலில் இந்தப் பக்கம். வேலி போட்டது எங்கள் ஆட்கள், என் பூட்டனும்தான்.

 சாமியார் தலைவாசல் பக்கம் பார்த்தார்.

"மூணு வீட்டுல இருந்து வந்துட்டாங்கம்மா. பிள்ளைய அனுப்ப மாட்டோம்னு சொல்லுதாங்க."

"மேலத்தெருவா சாமி?"

"ரெண்டு மேலத்தெரு. ஒண்ணு கீழத்தெரு. அமலியோட அப்பா. எம்பிள்ளைக்கு இந்த வயசுலயா அது தெரியணும்னு கேட்டு அழுதுட்டுப் போறாரு."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை.

"இப்ப ஒத்திகைக்கு வருவாங்கள்ல. நான் தப்பாச் சொல்லிட்டேன், அது பந்தல்கால்தான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. முடிஞ்சுது. இல்லன்னா வகுப்ப வேற ஆளுட்ட குடுங்கன்னு கமிட்டில சொல்லுதாங்க."

"உங்களுக்குத் தெரியும்தான சாமி?"

அவர் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார்.

"தெரியும்."

வெளியே செருப்புகள் கழலும் சத்தம்.

ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். அவள் எண்ணினாள். எட்டுப் பேர் வருவார்கள் என்று நினைத்திருந்தாள்.

பதினொரு பேர். முழு வகுப்பும் வந்திருந்தது.

தார்சியுஸ் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குத் தாண்டிக் குதித்தான்.

"ஏல, மிதிக்காத."

"மிதிச்சா என்ன? உங்க தாத்தா வந்து புடிப்பாரா?"

"எங்க தாத்தா இல்லல. டீச்சரோட பூட்டன்!"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் கையை எடுத்தார்கள்.

அமலி மட்டும் கோட்டின் அந்தப் பக்கம் போய் நின்றாள். அங்கிருந்து பீடத்தைப் பார்த்தாள். ஒரு தூண் பாதியை மறைத்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நிமிர்ந்து நின்றாள்.

"எங்க ஆளுக இங்கனதான நின்னாங்க, டீச்சர்?"

"ஆமா."

"இவ்வளவு பண்ணியும் விடாம வந்துருக்காங்க பாருங்க. வீம்புக்காரங்க!"

தன் குடும்பத்தில் ஒரு ராணி இருந்தாள் என்று கண்டுபிடித்தவளைப் போலச் சொன்னாள்.

சாளரக் கண்ணாடியின் நீலம் அவள் நெற்றியில் விழுந்திருந்தது.

அமலிக்கு இதை அவள் எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ மெல்ல எழுந்து நின்றது. தேர் நகரும்போது கூட்டத்துக்குள் எழுமே, அதுபோல.

சாமியார் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். சொல்லுங்கள்.

பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்," என்றாள்.

சாமியார் மூச்சுவிட்டார்.

"உங்களுக்கு முன்னால படிச்ச பிள்ளைகள்ட்ட இது பந்தல்கால் குழின்னு சொல்லிட்டேன். அது பொய். ஒவ்வொரு வீடாப் போய் நானே திருத்திச் சொல்லணும். உங்களுக்குச் சொன்னதுல தப்பு ஒண்ணுமில்ல."

மதிலில் கம்பளம் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் உள்ளே கேட்டது.

இனி இந்த வகுப்பு தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் பதினொரு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றுகூடத் தலைகுனியவில்லை. என் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டாள்.

அமலி கோட்டைத் தாண்டி வந்தாள். சாமியாரின் முன்னால் நின்றாள். பாவமன்னிப்புக் கேட்க வருபவள் போலக் கைகளைக் கட்டிக்கொண்டாள். குரல் மட்டும் அப்படி இல்லை.

"எங்களுக்குக் கோவமெல்லாம் இல்ல சாமி. எங்கப்பாதான் ராத்திரி சாப்பிடல. நீங்க ஒரு வாட்டி சொல்லுங்க. டீச்சர் சொன்னது நெசம்னு. இங்க எங்கள்ட்ட இல்ல, பூசைல. ஆயர் இருக்கும்போது. எல்லாரும் இருக்கும்போது. ஒரே ஒரு வாட்டி, சாமி."