பதினோரு அடி நாலு அங்குலம்

கன்னத்தில் அறை விழுந்தபோது துணி மாதிரிப் புத்தகம் சுபாவின் மடியில் விரிந்து கிடந்தது.

மஞ்சள் பக்கம்.

"சாம்பல்னு ரெண்டு தடவ சொல்லிட்டேன்," என்றான் கணவன்.

ஏணி உச்சியில் நின்றிருந்த செல்வநாயகி திடுக்கிட்டதில் இரும்பு டேப் அவள் பிடியிலிருந்து நழுவியது. சர்ரென்று சுருண்டு உள்ளே ஓடும்போது கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டு போனது.

திரைச்சீலைக் கடையிலிருந்து அளவெடுக்க வந்தவள் அவள். காதுக்குப் பின்னால் பென்சில். இடுப்பில் சின்ன நோட்டு.

"நீங்க அளங்க," என்றான் அவன். சிரித்தபடியே சொன்னான்.

அளந்தாள். மேலிருந்து தரை வரைக்கும் ஒரே கண்ணாடிச் சுவர்.

"பதினோரு அடி நாலு அங்குலமுங்க."

ஏழாவது மாடி. குடிவந்து மூன்று மாதம். சாம்பல் சுவர், சாம்பல் சோபா, தரையும் சாம்பல். கதவுக் கைப்பிடி உட்பட எல்லாம் அவன் பார்த்துப் பார்த்து வாங்கியவை. சுபா தேர்ந்தெடுத்தது என்று அந்த வீட்டில் ஒரு கரண்டிகூட இல்லை.

இன்று காலை காபி குடிக்கும்போது அவனாகத்தான் சொன்னான். "ஸ்கிரீன் துணி நீ பாத்துக்கோ."

அவள் அதை நம்பிவிட்டாள்.

"வெயில் படறப்ப மஞ்சள் நல்லா இருக்குமேன்னு..."

முடியைக் கொத்தாகப் பிடித்தான். புத்தகம் விழுந்தது. அவளை இழுத்துக்கொண்டு கண்ணாடி வரை நடந்தான்.

"இது வீடா?"

நெற்றி கண்ணாடியில் மோதியது.

"கல்யாண மண்டபமா?"

மறுபடியும்.

கண்ணாடி நல்ல கண்ணாடி. கீறல்கூட விழவில்லை. புருவம்தான் பிளந்தது.

செல்வநாயகி இறங்கி ஓடி வந்தாள். "விடுங்க சார். அய்யோ, விடுங்க!" என்று அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையால் இடித்தான். அவள் உதட்டில் பல் இறங்கியது. சோபா ஓரத்தில் போய் விழுந்தாள்.

மூன்றாவது முறை மோதுவதற்காக அவன் மனைவியின் தலையைப் பின்னுக்கு இழுத்தான்.

இழுத்தபடியே நின்றுவிட்டான்.

கண்ணாடிக்கு அப்பால், எதிர் பிளாக் பால்கனியில் ஒரு பெண், ஈரப் போர்வையைக் கொடியில் போட்டவள், போட்ட கையோடு அப்படியே நின்றிருந்தாள். அவளுக்கு மேல் மாடியில் பனியனோடு ஒரு பெரியவர். கீழ் மாடியில் மூன்று பேர். ஒருத்தர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

அளவெடுப்பதற்காகப் பழைய திரைகளைக் காலையில்தான் கழற்றிப் போட்டிருந்தார்கள். மூன்று மாதமாக நடந்ததெல்லாம் அவற்றுக்குப் பின்னால்தான் நடந்தது.

அவன் முடியை விட்டான். கை தன்பாட்டுக்குப் பக்கத்தில் துணியைத் தேடித் துழாவியது. கண்ணாடிதான் தட்டுப்பட்டது.

"மூடு."

யாரும் அசையவில்லை.

"அத மூடுங்கறேன்ல!"

மூலையில் கிடந்த பழைய திரையை செல்வநாயகி எடுத்தாள். அவள் விரலிலிருந்து ரத்தம் சொட்டியது.

"கறை பண்ணாத," என்று பிடுங்கிக்கொண்டு அவனே ஏணியில் ஏறினான். காலில் சாக்ஸ் போட்டிருந்தான்.

ஒவ்வொரு கொக்கியாக மாட்டினான். திரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. பனியன் பெரியவர் மறைந்தார். போன் மறைந்தது. கடைசியாக ஈரப் போர்வை.

அறை இருண்டது.

"ஏணியப் புடி, சுபா."

அவள் வந்தாள். இடது கண்ணில் ரத்தம் இறங்கியிருந்தது. அதைத் துடைக்கவில்லை. இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்தாள்.

"நல்லாப் புடிடி. ஒரு கொக்கிதான் பாக்கி. அதுக்கப்புறம் இருக்குது உனக்கு."

கடைசிக் கொக்கிக்காக அவன் எட்டினான். ஒரு கால் படியை விட்டு எழும்பியது.

செல்வநாயகி ஒரு எட்டுத் தூரத்தில்தான் நின்றிருந்தாள். சுபாவின் விரல்கள் ஏணிக் காலில் இறுகுவதைப் பார்த்தாள். கையை நீட்டியிருந்தால் அவளைத் தடுத்திருக்கலாம்.

நீட்டவில்லை.

சுபா இழுத்தாள்.

தரையில் முதலில் இடுப்பு. பிறகு தலை. பிறகு அவன் மேல் ஏணி.

அவன் அலறியது நெடுநேரம் நிற்கவில்லை. வலது கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. சுபா அதையே பார்த்தபடி நின்றாள். செல்வநாயகி அவளைப் பிடித்துச் சுவரோரம் உட்கார வைத்தாள்.

அழைப்பு மணி அடித்தது. யாரோ கதவையும் தட்டினார்கள்.

செல்வநாயகி போய்த் திறந்தாள்.

வாட்ச்மேன். அவருக்குப் பின்னால், மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு, எதிர் பிளாக்கில் போர்வை உலர்த்திய பெண். நைட்டியின் முன்பக்கம் முழுவதும் ஈரம்.

"அவ... இழுத்து விட்டுட்டா," என்று தரையிலிருந்து அவன் முனகினான். "கொல்லப் பாத்தா."

வாட்ச்மேன் அவனைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு?"

சுபா வாயைத் திறந்தாள். செல்வநாயகி முந்திக்கொண்டாள்.

"ஏணி வழுக்கிருச்சுங்க," என்றாள், வீங்கிய உதட்டோடு.

வாட்ச்மேன் நம்பியதாகத் தெரியவில்லை.

ஈர நைட்டிக்காரி உள்ளே வந்தாள். சாய்ந்து கிடந்த ஏணியைச் சுற்றிக்கொண்டு போனாள். இடைவெளியே இல்லாமல் மூடிக் கிடந்த திரையை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுபாவின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை மடித்து அவள் புருவத்தில் அழுத்தினாள்.

"வழுக்கித்தாங்க விழுந்தாரு," என்றாள் வாட்ச்மேனிடம். "என் வீட்டு பால்கனில இருந்து நானே பாத்தேன்."