அண்ணன் தடுத்த ஊசி

"தம்பிக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நீதான் பதில் சொல்லணும்."

போனில் கணவரின் அண்ணன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பின் அட்மின். கொரோனா வந்த நாளிலிருந்து, படிக்காமலே டாக்டர்.

வார்டு வாசலில் சம்மதப் படிவத்தோடு நின்றிருந்தாள் அவள். உள்ளே கணவருக்கு ஆக்சிஜன் வைத்தும் ரத்தத்தில் அதன் அளவு இறங்கிக்கொண்டே இருந்தது.

"எதிர்ப்பு சக்தியை அடக்குற ஊசியாமே? ஊரே சக்தியை ஏத்திக்க அலையுது, இவங்க இறக்குறாங்களாம். எதிரி உள்ள பூந்திருக்கான், காவல்காரனுக்குத் தூக்க மாத்திரையா? என் மூலிகைப் பொடியை வெந்நீர்ல கலந்து குடு, போதும்."

"அத்தான், அவரால தண்ணியே குடிக்க முடியலை."

பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"சார், காவல்காரர் இப்போ திருடனை விட்டுட்டு வீட்டை இடிச்சிட்டிருக்கார். உங்க தம்பி நுரையீரலை அவர் உடம்பே தாக்குது. அதைத்தான் அடக்கப் பார்க்கறோம். வேற தொற்று வர்ற ஆபத்து உண்டு, கவனிச்சுக்குவோம். கட்டாயம் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"பார்த்தியா, சத்தியம் பண்ண மாட்டாராம். என் பொடிக்கு நான் பண்றேன்."

அவள் போனை அணைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

'புருஷன் உயிரோட விளையாடுறா' என்று குரூப்பில் ஒரு சித்தி. 'படிச்ச திமிர்' என்று ஒரு மாமா. அதற்கும் இதயம் போட்டிருந்தார் அட்மின்.

ஆறாம் நாள் கணவர் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது" என்றார். அவள் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அன்றே குரூப்பில் அண்ணனின் செய்தி: 'பொடி ஜெயிச்சிடுச்சு. வேணுங்கிறவங்க சொல்லுங்க.'

பதிலுக்குக் கும்பிடு மேல் கும்பிடு.

"அவர் அனுப்பின பொடிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லைன்னு எழுதட்டுமா?" என்றாள் அவள்.

"விடு, அண்ணன்தானே" என்றார் கணவர்.

அடுத்த வாரம் அண்ணனின் மனைவி போன் செய்தாள். "உன் அத்தானுக்கு மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்."

"டாக்டர் என்ன சொல்றார்க்கா?"

"அந்த ஊசி தேவைப்படலாம்னார். டெஸ்ட் பார்த்துட்டுத்தான் முடிவாம். இவருக்குப் பொறுமை ஏது? படிவத்தை வாங்கி, கேக்கறதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டுட்டார்."

"நல்லதுக்கா. சரியாயிடும்."

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணே ஒண்ணும்மா. ஊசி விஷயத்தைக் குரூப்ல மட்டும் போட்டுடாதேன்னு சொல்லச் சொன்னார். பொடிக்கு நாப்பது பேர் சொல்லி வெச்சிருக்காங்களாம்."