ராதா அறைக் குழாய்

“அம்மா இல்லையா சார்?”

வாசலில் நின்றபடியே கேட்டான் பிளம்பர். அவன் பார்வை சந்திரசேகரனைத் தாண்டி வீட்டுக்குள் போயிற்று.

“கோயிலுக்குப் போயிருக்கா. வர ஒரு மணி நேரமாகும். ஏன், அவ காப்பி குடுத்தாத்தான் உனக்கு வேலை ஓடுமா?”

“அதுக்கில்ல சார்...” செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். தொடர்ந்து நாலாவது ஞாயிற்றுக்கிழமை. சந்திரசேகரன் இன்று ஒரு தீர்மானத்தோடு காத்திருந்தார்.

அல்சூரில் இருந்த அந்த வீட்டின் பின் அறை அவருடைய மகள் ராதாவுடையது. ஆறு வருடங்களுக்கு முன், வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். தபாலில் வந்த கல்யாணப் போட்டோவை உறையைக்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார். பேத்தி பிறந்திருப்பதாகக் காதில் விழுந்தபோதும் அவர் மனம் இளகவில்லை.

மனைவி மரகதம் தினமும் சாமி விளக்கின் முன் அழுதாள். சண்டை போடவில்லை, அழுதாள். போன மாதம்தான் அவரே உட்கார்ந்து எழுதினார்: ‘தீபாவளிக்குக் குழந்தையோடு வா. மாப்பிள்ளையையும் அழைத்து வா.’

பதில் இன்னும் வரவில்லை. தீபாவளிக்குப் பத்தே நாள். அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. குழாய்ச் சத்தம்தான் பாக்கி. பக்கத்துக் குளியலறையில் குழாயை மூடினால் போதும், அறைச் சுவருக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் ‘டம் டம்’ என்று அதிரும். குழந்தை பயந்து அலறும். ஆறு வருடம் கழித்து வரும் பெண் முகம் சுளித்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாதே என்று அவருக்குப் பயம்.

ஹார்டுவேர் கடை நாகேஷிடம் ஆள் அனுப்பச் சொல்லியிருந்தார். கடிதம் போட்ட அடுத்த ஞாயிறு காலையில் இவன் வந்து நின்றான். அவன் வாயைத் திறப்பதற்குள், “வா வா, பின்னாடி” என்று கூட்டிப் போய்விட்டார். கையில் ஒரு பைகூட இல்லை. வீட்டு ஸ்பானரைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் வேலை தெரிந்தவன். சுவரில் காதை வைத்து, குழாயை நாலு முறை திறந்து மூடச் சொன்னான்.

“சட்டுனு மூடினா, ஓடற தண்ணி போக எடமில்லாம திரும்பி அடிக்குது சார். மேல பைப்பைப் பிடிச்சிருக்கற கிளாம்ப் லூசு. அதான் பைப்பு ஆடிப்போய் சுவத்துல மோதுது.”

“சத்தமே இல்லாமப் பண்ணிடுப்பா, எம் பொண்ணு வர்றா” என்று மரகதம் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவன் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றானே தவிர, குடிக்கவில்லை.

“உனக்குக் கொழந்தைங்க இருக்கா?”

“ஒரு பொண்ணும்மா.”

உடனே நாலு முறுக்கைப் பொட்டலம் கட்டி அவன் சட்டைப் பையில் வைத்தாள். கொடுக்கும்போது யார் எவர் என்று பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

அவன் போனபின் இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் மறுபடி ‘டம் டம்’. “அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன் சார்” என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போனான், வந்தான்.

நேற்று சந்திரசேகரன் கடைக்கே போய் நாகேஷைப் பிடித்தார். “நானு யாரையும் அனுப்பலையே ஸ்வாமி! என் ஆளு ஊருக்குப் போயி ஒரு மாசமாச்சு” என்றான் நாகேஷ்.

இப்போது கதவு இடுக்கு வழியாகப் பார்த்தார். ஸ்டூல்மேல் நின்றிருந்த அவன், ராதாவின் அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் அப்படியே இருந்தான். பிறகு கிளாம்பில் ஸ்பானரைப் போட்டு, முடுக்குவதற்குப் பதில் தளர்த்தினான்.

“இறங்குடா கீழ!” கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். “வேணும்னேதான் லூசாக்கறியா? நாகேஷ் உன்னை அனுப்பவே இல்லையாமே! நாலு வாரமா வீட்டுக்குள்ள நடமாடறே. வந்ததும் வராததுமா, பொம்பள இருக்காளான்னு நோட்டம் பாக்கறே. போலீஸைக் கூப்பிடட்டுமா? யாருடா நீ?”

அவன் இறங்கினான். ஸ்பானரை ஓசைப்படாமல் ஸ்டூலின் மேல் வைத்தான்.

“சத்தம் நின்னுட்டா, திரும்ப வர்றதுக்குக் காரணம் இருக்காதுங்க. ஒவ்வொரு வாரமும் சொல்லிடணும்னுதான் வர்றேன். அம்மா காப்பியோட வந்து நிக்கறாங்க. அவங்க மூஞ்சியப் பாத்துட்டு எப்படிங்க சொல்றது?”

“என்னத்தடா சொல்லணும்?”

அவன் குனிந்து அவர் காலைத் தொட்டான். அவர் காலை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்.

“ராதா தவறி ரெண்டு மாசமாச்சு, மாமா.”