கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே

"முதல்ல கையெழுத்து. அப்புறம்தான் உள்ளே."

லவோன், தான் நடத்தும் பௌலிங் கூடத்தின் வாசலிலேயே மேசையைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தாள். கொரோனாவுக்காகப் பூட்டிய கூடம் அன்றைக்குத்தான் திறந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்க வரும் பென்ஷன் கூட்டம் வரிசையில் நின்றது. வீட்டுக்குள்ளேயே கிடந்து அலுத்துப்போனவர்கள். பாதிப் பேர் முகக்கவசம்கூடப் போடவில்லை.

முதல் ஆள் ஆர்லன். காகிதத்தைக் கண்ணைவிட்டுத் தள்ளிப் பிடித்து வாசித்தார்.

"'இங்கே வந்து எனக்கு நோய் பிடித்தால் அதற்கு நானே பொறுப்பு. நான் இறந்தாலும் என் மனைவியோ பிள்ளைகளோ வழக்குப் போட மாட்டார்கள்.' என்ன லவோன் இது, தமாஷா?"

"தமாஷ் இல்ல. கீழேயும் படி."

"'நான் இறந்தால் என்னை அடக்கம் செய்ய வேண்டிய நிறுவனத்தின் பெயர்...'" ஆர்லனுக்கு முகம் சிவந்துவிட்டது. காகிதத்தை மேசையில் அறைந்தார். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"வீட்டுல இருக்கிற எல்லாரும் கையெழுத்துப் போடணும். ரெண்டு சாட்சி வேணும். நோட்டரி முத்திரையும் வேணும்."

எங்கள் அயோவா மாநிலத்துப் பக்கம் அறுவடை இயந்திரத்தையே வெறும் கைகுலுக்கலில் விற்பவர்கள் உண்டு. பழகின மனுஷனிடம் கையெழுத்துக் கேட்பது, 'உன்னை நான் நம்பவில்லை' என்று நடுத்தெருவில் நின்று கத்துவதற்குச் சமம். அதை லவோனே செய்தால் வயிறு எரியாதா?

"உன் புருஷன் செத்தப்ப குழிக்குப் பக்கத்துல உன் கையைப் பிடிச்சிட்டு நின்னவன் நான். புயல்ல இந்தக் கூரை பிய்ஞ்சப்ப ஏணியில ஏறினவன் நான். நான் உன் மேல கேஸ் போடுவேனா?"

"நீ போட மாட்டே. உன் மகன் போடுவான். நீ செத்தப்புறம் உன்னைக் கேட்டா செய்யப்போறான்?"

வரிசையே கொதித்தது.

"போன வாரம் போன் பண்ணி, 'ஆபத்து, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்'னு என்கிட்ட உருகினா" என்றாள் பின்னால் நின்ற மர்லிஸ். "பனிப்புயல்லயே வண்டி ஓட்டி வந்தவ நான், போடின்னு சிரிச்சேன். இப்பல்ல தெரியுது. நம்ம உசுருக்குப் பயப்படல இவ, கேஸுக்குப் பயப்படறா."

"பிடிக்கலைன்னா போ மர்லிஸ். உன்னை இங்க யாரு கட்டி இழுத்தா?"

"கட்டையை அடுக்கி வச்சுப் பிழைக்கிற கடைக்கு இருக்கிற திமிரைப் பாரு."

ஆர்லன் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார். பேசினாலே மூச்சு வாங்கியது.

"எனக்கு நுரையீரல் பாதி போச்சுன்னு உனக்குத் தெரியும். அதனாலதானே முதல் ஆளா என்கிட்ட இதை நீட்டுறே?"

"ஆமா."

அவ்வளவுதான். ஆர்லன் மேசையை ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே போனார். சுவரோரம் இருந்த தன் லாக்கரைத் திறந்து பந்தை எடுத்தார். ஷூவை எடுத்தார். சாவியைப் பிடுங்கி மேசையில் வீசினார்.

சண்டை எத்தனை வந்தாலும் லாக்கரை யாரும் காலி செய்ததில்லை. காலி செய்தால் உறவு முறிந்தது என்று அர்த்தம்.

"இனி இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன். நீ செத்தாலும் வரமாட்டேன்."

"உள்ளே துண்டு ஒண்ணு கிடக்கு. அதையும் எடுத்துட்டுப் போ."

அதைக் கேட்டபின் நிற்க யாருக்கு மனசு வரும்? ஒவ்வொருவராகப் போய் லாக்கரைக் காலி செய்தார்கள். மர்லிஸ் காகிதத்தைக் கசக்கி லவோனின் காலடியில் எறிந்துவிட்டுப் போனாள். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கூடத்தில் ஷூ எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்த எனக்கும் அன்றைக்கு லவோனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரத்தில் டெரிக் வந்தான். கட்டடத்துக்குச் சொந்தமான கம்பெனியின் ஆள். அரசாங்கம் அனுமதித்த பிறகும் பூட்டி வைத்தால் குத்தகை ரத்து என்று லவோனை நெருக்கிக்கொண்டிருந்தவன்.

"திறந்துட்டீங்க, சந்தோஷம். ஆள் எங்கே?"

"திறக்கணும்னுதானே குத்தகையில எழுதியிருக்கு? திறந்தாச்சு. விளக்கெல்லாம் எரியுது. ஆள் வரணும்னு எழுதலையே."

டெரிக் கீழே கிடந்த காகிதத்தை எடுத்து விரித்தான். வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"யாரு எழுதிக் கொடுத்தா இதை?"

"நானேதான் எழுதினேன்."

"ஐயோ லவோன், மாநிலத்துல சட்டமே கொண்டுவந்துட்டாங்களே. நோய் பிடிச்சுதுன்னு கடைக்காரங்க மேல இனி சுலபமா யாரும் கேஸ் போட முடியாது. எங்க ஆபீஸ்லேர்ந்து அனுப்பினோமே, படிக்கலையா? இல்லாத கேஸுக்குப் பயந்து இருந்த ஆளையும் விரட்டிட்டீங்களே."

"படிச்சேன்" என்றாள் லவோன். அவன் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கினாள். "போன்ல கெஞ்சிப் பார்த்தேன், ஒரு ஜென்மம் கேக்கல. கேஸ் வராதுன்னு எனக்குத் தெரியும்பா. இவங்க வந்துடுவாங்களேன்னுதான் பயம்."