நாற்பது நாள் மிச்சம்

நர்ஸ் ஜெபமலர் அந்தக் குளிர் நாட்டுக்கு வந்து ஐந்து வருடம் நிறைய இன்னும் நாற்பது நாள்தான் இருந்தது. அதற்குப் பிறகு நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். யாரும் போ என்று சொல்ல முடியாது.

காலையில் மார்கரெட் கிழவிக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது வார்டு டிவியில் செய்தி வந்தது. அப்படி விண்ணப்பிக்க இனி பத்து வருடம் ஆகவேண்டுமாம். ஏற்கெனவே வந்தவர்களுக்கும் அதே கணக்குதானாம்.

"உனக்கு இல்லையே?" என்றாள் கிழவி.

"எனக்கும்தான்."

கிழவி டிவியிலிருந்து கண்ணை எடுத்தாள். "இதைச் செய்வோம்னு சொன்ன கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டேன். ஆனா உன்னை நினைச்சுப் போடலை."

ஜெபமலர் நரைமுடியை வேர்ப்பக்கம் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து மெல்ல வாரினாள்.

"சிக்கு இருக்கு. வலிச்சா சொல்லுங்க" என்றாள்.